இரண்டாவது கிரீடம்

...பெயர், வயது, என்ன வேலை, இதையெல்லாம் நர்ஸிடம் இப்போதுதான் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன், அதே வரிசையில் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், பெயர் நீங்கள் வைத்ததுதான், வயது இருபத்தேழு, இருப்பது கண் ஆஸ்பத்திரி மாடியில், சுவரை ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் கடைசி நாற்காலி. பயப்பட ஒன்றும் இல்லை அம்மா, அதாவது பயப்பட ஏதாவது இருக்கிறதா என்பது இனிமேல்தான் தெரியும், அது வேறு விஷயம். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருக்கிறார்கள், கண்பாப்பா விரிய வேண்டுமாம், அதுவரை கிட்டே இருக்கிற எதையும் படிக்க முடியாது, எல்லாம் பால் கொட்டிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாதிரி இருக்கிறது, அதனால் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறேன், அதுவே எழுதிக்கொள்கிறது, என்ன எழுதுகிறதோ, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். குரலாகவே அனுப்பலாம்தான், ஆனால் அம்மா குரலை மட்டும்தான் கேட்பாள், "தொண்டை ஏன் இப்படி இருக்கு, சாப்பிட்டானா இல்லையா" என்று ஆரம்பித்துவிடுவாள், சொன்ன விஷயம் காதில் ஏறாது. எழுத்து என்றால் கொஞ்சம் பொறுமையாகக் கேட்பாள். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவருக்கும் சொட்டு விட்டிருக்கிறார்கள் போல, சொல்லலாமா என்று நினைத்தேன், பாவம், கௌரவமாக உட்கார்ந்திருக்கிறார், இருக்கட்டும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது... என் வேலை என்ன என்று உங்களில் யாருக்கும் இன்னும் சரியாகத் தெரியாது, எனக்குத் தெரியும் உங்களுக்குத் தெரியாது என்று. மாமா போன தடவை போனில் "என்னடா, பேரீச்சம்பழத்துக்குப் போடற காசையெல்லாம் உக்காந்து பொறுக்கிட்டு இருக்கியாமே" என்று கேட்டார், பின்னால் அப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது, நானும் சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்ய. பொறுக்குவது இல்லை மாமா, யாருடைய காசு, எந்த ஊர் அச்சு, எந்த ராஜா இருந்தபோது அடித்தது என்று பார்த்துச் சொல்வது. இயந்திரம் வருவதற்கு முன்னால் காசை எல்லாம் சுத்தியலால்தான் அடித்தார்கள், கீழே ஓர் அச்சு மரக்கட்டையில் ஊன்றியிருக்கும், அதன் மேல் மெல்லிய வெள்ளி வில்லை, அதன் மேல் இன்னோர் அச்சைக் கையில் பிடித்துக்கொள்வார்கள், ஓங்கி ஒரு போடு, ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் சிலுவை, சுற்றி எழுத்து, எடுத்துப் போடு, அடுத்தது. எத்தனை அடித்தாலும் ஒன்று மாதிரி இன்னொன்று வராது. ஒன்றில் ராஜாவுக்குக் கன்னமே இருக்காது, ஒன்றில் ஊர்ப் பெயர் பாதி ஓரத்துக்கு வெளியே போயிருக்கும், ஒன்றில் ஓரத்து வெள்ளியை எவனோ கத்தரித்துத் தின்றிருப்பான், மிச்சம் இருக்கிற இரண்டு எழுத்தையும் காது மேல் இருக்கிற மயிர்ச்சுருளையும் வைத்துக்கொண்டு இது அப்பன் காசா மகன் காசா என்று சொல்ல வேண்டும், அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர் வேறு. "முகத்தப் பாக்காதப்பா, எல்லா ராஜாவும் ஒரே மூஞ்சிதான். முடியப் பாரு, கிரீடத்து முத்தப் பாரு" என்பார் பழங்காசுக் கடை முதலாளி, சேர்ந்த புதிதில். முடியைப் பார்த்தேன், முத்தைப் பார்த்தேன், காலையிலிருந்து சாயங்காலம் வரை வலது கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன், விளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன், நேரே வெளிச்சம் விழுந்தால் தேய்ந்த காசு வாயைத் திறக்காது, பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால்தான் எழுத்து நிழலோடு எழுந்து நிற்கும். பார்த்துப் பார்த்து, தெருவில் பஸ் நம்பரைக்கூட ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பேன், பழக்கம், யாரையோ பார்த்துக் கண்ணடிக்கிறேன் என்று ஒரு பெண் ஒரு நாள் முறைத்துவிட்டுப் போனாள்.

இதில் இரட்டை அடி என்று ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். அடி விழுந்ததும் மேல் அச்சு சில சமயம் துள்ளும், பிடித்திருக்கிறவன் கை அசையும், சரியாகப் பதியவில்லையே என்று இன்னொரு போடு போடுவான், முதல் அடிக்கு மேல் இரண்டாவது அடி மயிரிழை தள்ளி விழும். அந்தக் காசில் ராஜாவுக்கு மூக்குக்கு நிழலாக இன்னொரு மூக்கு, கிரீடத்துக்கு மேல் இன்னொரு கிரீடம். நிறையப் பேருக்கு அது பிடிக்காது, கெட்டுப்போன காசு என்பார்கள். சிலருக்கு அதுதான் வேண்டும். எங்களிடம் வருகிற ஒரு பல் டாக்டர், அந்த அம்மா இரட்டை அடி தவிர வேறு எதையும் தொடமாட்டார், பல் பார்க்கிற பெரிய கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டே கடைக்கு வந்துவிடுவார், "சரியா அடிச்ச காசுல என்ன தம்பி இருக்கு, அச்சுதான் இருக்கு. தப்பா அடிச்சதுலதான் ஆள் இருக்கான்" என்பார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஆள் இருக்கான். இந்த ஊரில் எனக்கு இருந்தது யார்... காலையில் அறையைப் பூட்டிக்கொண்டு வந்தால் சாயங்காலம் போய்த் திறக்கிறவன் நான்தான், நான் காலையில் போட்ட போர்வை போட்ட மாதிரியே கிடக்கும், அப்படி இருக்கிறவனுக்குக் காசுக்குள் ஓர் ஆள் இருக்கிறான் என்றால் சும்மா இருப்பானா. குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு மூட்டை வந்தது, ஒரே ஊர், ஒரே அச்சுக்காரர் பெயர், அதில் ஒன்றில் இரட்டை அடி பார்த்தேன், அடுத்ததிலும் பார்த்தேன், அதற்கு அடுத்ததிலும், ஒவ்வொன்றிலும் இரண்டாவது கிரீடம் ஒரே பக்கமாகக் கீழே சரிந்திருந்தது, ஒரே கோணம், ஒரே தூரம். அப்படியென்றால் அடித்தவன் ஒருவன், அவன் கை ஒரே மாதிரி நடுங்குகிறது. அவனுக்கு நானே பெயர் வைத்தேன், நடுங்கி. நடுங்கிக்கு வயதாகிவிட்டது, ஆனால் வீட்டில் சொல்லவில்லை, கை நடுங்குவது மேஸ்திரிக்குத் தெரிந்தால் நாளைக்கு வேலை இல்லை, அதனால் ஒவ்வொரு காசையும் இரண்டு தடவை அடிக்கிறான், பதிந்ததா பதிந்ததா என்று... இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவில்லை, லென்ஸுக்குள் தெரிந்தது. முதலாளியிடம் பெயரைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன், "ஒரே கை போலருக்குங்க சார்", அவர் வாங்கிப் பார்த்தார், அவருக்கும் வயதாகிவிட்டது, தேய்ந்த காசில் எது நிழல் எது அடி என்று யார் சத்தியம் செய்வது, "நல்லாப் பாத்திருக்கப்பா" என்றார், விற்பனை விவரத்தில் தனிக் குறிப்பாகவே போடச் சொன்னார். அன்றைக்கு உங்களுக்குப் போன் செய்து சம்பளம் கூட்டுவார்கள் போல என்றேனே, அந்தச் சந்தோஷம் இதுதான்.

போட்டோ எடுக்கிற அண்ணன்தான் முதலில் கிண்டல் செய்தார், ஒவ்வொரு காசையும் படம் பிடித்துத் திரையில் தட்டு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கிறவர் அவர், "ஏன்டா, உன் கைக்கு வர்ற காசு மட்டும் எப்படிடா ரெண்டடி வாங்கிட்டு வருது? அந்தக் காலத்துல சுத்தியல் புடிச்சவன் பூரா குடிகாரனா?" நான், "வேற ஊர்ப் பயலுவளும் அப்படித்தான் அண்ணே அடிச்சிருக்கானுவ" என்றேன், ஏனென்றால் அதற்குள் வேறு ஊர்க் காசிலும், வேறு ராஜா காசிலும், அவர்கள் எல்லோருக்கும் முந்தின நூற்றாண்டுக் காசிலும் நடுங்கியைப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? ஒருவன் எத்தனை நூறு வருஷம் நடுங்குவான்? உறைக்கவில்லை. அதே கோணம் என்பதுகூட உறுத்தவில்லை, பழகின ஆளைத் தெருவில் பார்த்த மாதிரி வா வா என்றுதான் இருந்தது. பய, இவனும் நம் ஆள்தான்.

போன வாரம் பல் டாக்டர் வந்தார். நெற்றிக் கண்ணாடியோடு. கைப்பையிலிருந்து காசு உறைகளை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார், எல்லாம் நான் விவரம் எழுதிக் கொடுத்தவை, "தம்பி, கோவிச்சுக்காத, இதுல எங்க ரெண்டடி இருக்குன்னு எனக்குக் கொஞ்சம் காட்டு" என்றார். முதலாளி உள்ளிருந்து வந்தார். அண்ணன் அதில் ஒரு காசின் படத்தைத் திரையில் போட்டார், ராஜா தலை மேஜை அளவுக்கு நின்றது. நான் பழக்கப்படி இடது கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலை எடுத்து, "இதோ டாக்டர், கிரீடம், அதுக்குக் கீழ சரிஞ்சாப்ல ரெண்டாவது கிரீடம், இதோ முத்து, இதோ முத்தோட நெழல்" என்று சுற்றிச் சுற்றிக் காட்டினேன். முதலாளி கழுத்தை நீட்டிப் பார்த்தார். நன்றாக விளங்கவில்லை போல என்று இன்னும் கிட்டே போய்க் காட்டினேன். டாக்டர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், தூக்கிவிட்டுப் பார்த்தார், "மொத ரெண்டு மூணு வாங்கினப்ப எனக்கும் லேசாத் தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு, நீ எழுதினதப் படிச்சுட்டுப் பாத்தேன்ல, தெரிஞ்சுது. இப்ப எம் பொண்ணு பாத்துட்டு எங்கம்மா இருக்கு, எங்கம்மா இருக்குங்கறா" என்று சொன்னார், குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அண்ணன் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டேய், அந்தக் கண்ணத் தொற." எந்தக் கண்ணை? "மூடி வெச்சிருக்கியே, அத. தொறந்துட்டு இத மூடு." மூடினேன். இரண்டாவது கிரீடம் இல்லை. அழித்த மாதிரிகூட இல்லை, அப்படி ஒன்று எப்போதுமே இருந்ததில்லை என்கிற மாதிரி இருந்தது. ராஜா ஒரு மூக்கோடு, ஒரு கிரீடத்தோடு, சுத்தமாக, ஒரே அடியில் அடித்த ராஜா. மறுபடி கண்ணை மாற்றினேன், வந்தான். மாற்றினேன், போனான். வந்தான், போனான். நான் விளையாட்டாகச் செய்கிறேன் என்று டாக்டர் நினைத்தாரோ என்னவோ, சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நடுங்கி என் கண்ணுக்குள் இருந்தான் அம்மா. அவனுக்குக் கை நடுங்குகிறது, வேலை போய்விடும், வீட்டில் சொல்லவில்லை என்றெல்லாம் நானாக நினைத்தேனே...

பல் டாக்டர் காசுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார், வாசலில் நின்று, "கண்ணுக்கு நல்ல ஆளாப் பாரு தம்பி, என்னய மாதிரி பல்லுக்காரிகிட்ட வராத" என்றார், நல்ல மனுஷி. முதலாளி ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "கண்ணக் காட்டிட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றார். இந்த அப்புறம் பேசலாம் என்பதை ஒரு வாரமாக நானும் எல்லா வெளிச்சத்திலும் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறேன். பேசலாம் என்றால் பேச ஏதோ இருக்கிறது, அப்படியென்றால் வேலை இருக்கிறது. இல்லை, பேச இருப்பது வேலை இல்லை என்பதுதான். அப்புறம் என்று சொன்னபோது தோளில் கை வைத்தாரா, நாற்காலியின் மேல் வைத்தாரா? நாற்காலியின் மேல்தான் வைத்தார் என்று நினைக்கிறேன். என் இடத்தில் இன்னும் ஆள் போடவில்லை, நேற்றுப் போட்டோ அண்ணனைக் கேட்டேன், "போடல, ஆனா உன் மேஜை வெளக்கக் கழட்டி ரிப்பேருக்குக் குடுத்திருக்காரு" என்றார், அது நல்ல சகுனமா கெட்ட சகுனமா, விளக்கு சரியாகத்தான் எரிந்துகொண்டிருந்தது, ஒருவேளை அவரும் விளக்குத்தான் கோளாறு என்று நம்ப ஆசைப்படுகிறாரோ. நான் இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி இந்த வேலையோடு சேர்த்துத் தைத்தது, இது போனால் அதுவும் போகும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், காசு பார்க்கிறவனுக்குக் கண் போனால் வேறு எவன் எதற்குக் கூப்பிடுவான். இதை நினைத்து நினைத்து இப்போது பயம்கூட வரவில்லை, அசதிதான் வருகிறது, பஸ்ஸில் உட்கார்ந்தால் இறங்கத் தோன்றுவதில்லை, கடைசி நிறுத்தத்தில் டிரைவர் வந்து தட்டினார் ஒரு நாள்.

சட்டைப் பையில் ஒரு காசு இருக்கிறது, என்னுடையது, முதலாளி கழித்துப் போட்ட தட்டிலிருந்து கேட்டு வாங்கியது, ஓரம் கத்தரித்த, எழுத்தே இல்லாத ஒன்று. ராஜா வாயோரம் ஒரு சிரிப்பு இருந்தது, சிரிப்புக்கு மேல் இன்னொரு சிரிப்பு, அதற்காகத்தான் வாங்கினேன், வேறு எந்த ராஜாவும் சிரித்து நான் பார்த்ததில்லை. அதை மட்டும் இன்னும் இடது கண்ணால் பார்க்கவில்லை. ஒரு வாரமாகப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன், பார்க்கவில்லை. இன்றைக்குப் பார்த்துவிடலாம் என்று காலையில் எடுத்தேன், வேண்டாம், கண் டாக்டர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு என்று வைத்துவிட்டேன், இப்போது இரண்டு கண்ணிலும் மருந்து, பார்க்கவே முடியாது, அது ஒரு நிம்மதி. விரலால் தடவுகிறேன், விரலுக்கு எத்தனை சிரிப்பு என்றெல்லாம் தெரியவில்லை, வழவழவென்று இருக்கிறது, அவ்வளவுதான்.

நர்ஸ் இப்போது மறுபடியும் வந்தார், "மேல பாருங்க, சிமிட்டக் கூடாது", "சிமிட்டாம எப்படிங்க", "எம் புருசன் மாதிரி எதுத்துப் பேசாதீங்க, மேல பாருங்க", சொட்டு விழுந்தது, தொண்டையில் கசக்கிறது, கண்ணில் விட்டால் தொண்டையில் ஏன் கசக்க வேண்டும். காலையில் கண்ணை ஒரு கருவியில் வைத்துப் படம் எடுத்தார்களே, அதில் என்ன என்று கேட்டேன், "டாக்டர் சொல்வாங்க" என்றார், அப்புறம் பாவமாக இருந்ததோ என்னவோ, "கண்ணோட முன்பக்கம் உருண்டையா இருக்கணும், உங்களுக்குக் கூம்பாட்டம் லேசாத் தள்ளியிருக்கு போலருக்கு, அதான் ஒண்ணுக்கு ரெண்டாத் தெரியுது. கண்ணக் கசக்கற பழக்கம் உண்டா?" உண்டு. "வீட்டுல யாருக்காவது இந்த மாதிரி இருக்கா?" இல்லைங்க, எங்க வீட்டுல எல்லாருக்கும் நல்ல கண்ணு, ஒருத்தரும் கண்ணாடிகூடப் போட்டதில்ல என்றேன், பெருமையாகவே சொன்னேன். "கேட்டுப் பாத்தீங்களா?" என்றார். கேட்டுப் பார்ப்பது என்றால்? "விளக்கு எப்படித் தெரியுது, நெலா எப்படித் தெரியுதுன்னு. கூடப்பொறந்தவங்க இருந்தா ஒருவாட்டி கூட்டிட்டுப் போய்க் காட்டிருங்க, சின்ன வயசுலயே புடிச்சுட்டா மேல போகாம நிறுத்திரலாம்." போய்விட்டார், அடுத்த ஆளுக்குச் சொட்டு விட.

கேட்டுப் பார்த்ததில்லையே. யார் கேட்பார்கள் அப்படி? நீ பார்க்கிற நிலா எப்படி இருக்கிறது என்று ஒரு வீட்டில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்களா, நிலா நிலா மாதிரி இருக்கிறது. அப்பா இருட்டினால் வண்டியை எடுக்கமாட்டார், எதிரே வருகிற விளக்கெல்லாம் சிதறுகிறது என்பார், "இந்தக் காலத்துல பல்பு செய்யறவன் பூராத் திருட்டுப்பய" என்பார், பல்புக்காரன்மேல் கோபம், நாமும் ஆமாம் ஆமாம் என்போம். தங்கச்சி, நம் குட்டி, ஒண்ணாம் வகுப்பில் நிலா வரையச் சொன்னால் ஒன்றோடு ஒன்று ஒட்டினாற்போல் மூன்று நிலா வரைந்தாள், டீச்சர் கற்பனை வளம் என்று நட்சத்திரம் போட்டுக் கொடுத்தார், அதை அம்மா பீரோ கதவில் ஒட்டி வைத்தாளே. அது கற்பனையா? இப்போதும் எதைப் படித்தாலும் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் படிக்கிறாள், கண்ணைக் கசக்காதடி என்று அம்மா கையைத் தட்டிவிடுகிறாள், நாம் எல்லோரும் அவளை ராங்கிக்காரி, நேராப் பார்த்தால் என்ன குறைந்தா போய்விடுவாள் என்று... நான் இரண்டாவது கிரீடத்தைக் காசில் இருக்கிறது என்று நினைத்தேன். அவள் எங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளோ.

பேர் கூப்பிடுகிறார்கள், என் பேர் இல்லை, பெரியவர் பேர், செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகிறார், அடுத்தது நான்தான். நான் அனுப்புவதை வீட்டில் வழக்கமாகச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டுகிறவள் குட்டிதான், நான் அதை யோசிக்காமல் பேசிவிட்டேன். குட்டி, நீதான் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் பயப்படாதே, உனக்கு ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், போனை அம்மாவிடம் கொடுத்துவிடு. வேறு யார் படித்தாலும் சரி, அவளையும் அப்பாவையும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்வீட்டு விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மறுகண்ணைப் பொத்திக்கொண்டு. எத்தனை தெரிகிறது என்று மட்டும் கேளுங்கள், சிரிக்காதீர்கள், திட்டாதீர்கள். எழுதி அனுப்ப வேண்டாம், எனக்கு இன்னும் கொஞ்ச நேரத்துக்குப் படிக்க வராது. யாராவது ஒருவர் போன் செய்து சொல்லுங்கள்.